துணையில்லாமல் காட்டுக்குள் போகாதவர்

எங்கள் ஊர்க் காட்டுக்கு வந்த ஃபாரஸ்ட் கார்டுகளிலேயே படு பயந்தவர் அவர்தான். வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் யூனிபாரம் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு என் தையல் கடைக்கு வந்தார். இரண்டு காலின் அடியிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்துத் தர வேண்டும் என்றார். யூனிபாரத்தில் எலாஸ்டிக் எதற்கு, கைக்குழந்தை ஜட்டியா இது என்று கேட்டேன். உள்ளே எதுவும் ஏறிவிடக்கூடாது என்றார். எது ஏறும் என்று கேட்டதற்கு விரலை வளைத்து வளைத்துக் காட்டினார். பாம்பு என்ற சொல்லை வாயால் சொல்லக்கூட அவருக்குப் பயம். ‘அது’ என்பார். விஷமுள்ள அது, விஷமில்லாத அது என்ற பாகுபாடெல்லாம் அவரிடம் கிடையாது.

தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வந்தால் சர்க்கஸில் பந்து பிடிக்கிறவர் போல இருந்தார். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குனிந்து எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் தேவலை என்றார். காலுக்கு ரத்தம் போகாவிட்டாலும் பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இறுக்கிக் கொடுத்தேன். இவர்தான் நம் காட்டைக் காப்பாற்றப் போகிறவர் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் தூரம். தெருவைத் தாண்டினால் ஏரி, ஏரிக்கரையைத் தாண்டினால் காப்புக்காடு. காடு என்றதும் வானத்தை மறைக்கும் மரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். காரை, களா, சூரை என்று முள்ளும் புதருமாக இருக்கும். நடுவில் உசிலையும் வெப்பாலையும் நாவலும் எழுந்து நிற்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், இதையா காடு என்கிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் காட்டின் ஓரத்தில் இருளர் குடியிருப்பு. அங்கே இருக்கிறவர்கள் ஊரில் களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் வருவார்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக் குட்டிகளோடு போனால் மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். சில குடும்பம் திரும்புவதே இல்லை.

ஒரு காலத்தில் அவர்களுக்குக் காட்டிலேயே பிழைப்பு இருந்தது. நன்னாரி வேர், தேன், களாக்காய், துடைப்பத்துக்கு ஈச்ச ஓலை, காய்ந்த சுள்ளி. எங்கள் கார்டுக்கு முன்னால் வந்தவர்கள்தான் அதையெல்லாம் நிறுத்தினார்கள். அவர்கள் வீரர்கள். ஒருத்தர் புல்லட்டில் வருவார். இருளர் பெண் ஒருத்தி தலையில் சுள்ளிக் கட்டோடு காட்டை விட்டு வெளியே வந்தால் போதும், கட்டைப் பிடுங்கி எறிந்து, கையிலிருக்கிற அரிவாளையும் வாங்கி வைத்துக்கொள்வார். இன்னொருத்தர் காலையில் காட்டுக்குள் தனியாகப் போய்ச் சாயங்காலம் தனியாக வருவார். என்ன தைரியம் என்று ஊரே மெச்சியது. ஆனால் ஒற்றை ஆள் காட்டில் எத்தனை பக்கம் இருக்க முடியும்? அவர் கிழக்கே போனால் மேற்கே கோடாலிச் சத்தம் கேட்கும். எங்கிருந்தோ வேன் வரும், வேம்பையும் உசிலையையும் ஏற்றிக்கொண்டு போகும். என் கடை வாசலில் உட்கார்ந்தே நான் அந்தக் காடு இளைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் காட்டுக்குள் இருக்கிற மேடு தெரியாது. பிறகு மேடு தெரிந்தது. பிறகு மேட்டின் மண்ணே தெரிந்தது.

இந்த நிலையில்தான் நம் ஆள் வந்து சேர்ந்தார். அவர் ராஜகுளத்துக்காரர். ஹைவே ஓரத்து வீடு. லாரி சத்தத்தில் தூங்கிப் பழகியவர். பரீட்சை எழுதினார், வேலை கிடைத்தது, அது காட்டு வேலையாகப் போய்விட்டது, அவ்வளவுதான். போஸ்ட் ஆபீஸில் கிடைத்திருந்தால் நிம்மதியாக ஸ்டாம்ப் குத்திக்கொண்டு இருந்திருப்பேன் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். காட்டில் அவரை முதலில் பயமுறுத்தியது ‘அது’ கூட இல்லை, அங்கே சத்தமே இல்லாததுதான். ஆகவே போனில் எஃப்.எம்.மை வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர்கள் விளம்பரம் முதற்கொண்டு கேட்பார்கள். மரம் வெட்ட வருகிறவன் பாட்டைக் கேட்டதும் ஓடிவிட மாட்டானா, நீ எப்படி அவனைப் பிடிப்பாய் என்று கேட்டேன்.

"ஓடட்டும்க்கா. அதுக்குதானே வெக்கறேன். நேருக்கு நேர் வந்துட்டான்னா நான் இன்னா பண்றது?" என்றார்.

பாட்டு மட்டும் அவருக்குப் போதவில்லை. ஆள் துணை வேண்டும். காலையில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு நேராக இருளர் குடியிருப்புக்குப் போய், வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். யாரையும் அதட்டிக் கூப்பிட மாட்டார். "யாராச்சும் கூட வர்றீங்களா?" என்று பொதுவாகக் கேட்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் சேர்க்கிறவர் போலக் கேட்பார். முதல் நாள் ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம். காக்கிச் சட்டை கூப்பிட்டால் போய் மாட்டிக்கொள்ள அவர்கள் என்ன ஏமாளிகளா? இவர் போகவும் இல்லை. அப்படியே நின்றார். வெயில் ஏறிய பிறகும் நின்றார். கடைசியில் கன்னியம்மாவுக்குத்தான் மனசு பொறுக்கவில்லை.

கன்னியம்மா அந்தக் குடியிருப்பில் மூத்தவள் இல்லை. ஆனால் அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். என் வயதுதான் இருக்கும். எனக்கு வருஷா வருஷம் ஈச்சந்துடைப்பம் கொண்டுவந்து கொடுப்பாள், நான் அவள் பெண்களுக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தில் மனம் விட்டுப் பேசுவாள். அன்றைக்கு இவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்றும், ஆத்தா அப்பன் இல்லாத பிள்ளை போல நின்றார் என்றும் சொன்னாள். தன் கொழுந்தன் ஏகாம்பரத்தைக் கூட்டிக்கொண்டு அவளே அவரோடு போனாள். காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் இவர் அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, எனக்கு முன்னால் இரண்டு பேர் போங்கள், பின்னால் இரண்டு பேர் வாருங்கள் என்றாராம். இருந்ததே இரண்டு பேர். மறுநாள் அவளே இன்னும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டாள்.

சும்மா நடக்கிறவர்களின் கை சும்மா இருக்குமா? நடக்கும்போதே ஒருத்தி சுள்ளி பொறுக்கினாள், ஒருத்தர் நன்னாரியைத் தோண்டினார். கார்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதை எடுக்காதே என்று சொன்னால் நாளைக்கு வர மாட்டார்களே என்ற பயம். பிறகு அந்தப் பயமும் போதாதென்று, அனுமதியில்லாமல் எடுக்க விட்டால் தன் வேலை போய்விடுமே என்று இன்னொரு பயம் வந்தது. அதனால் ஆபீஸுக்கு நடையாய் நடந்து, பச்சை மரத்தில் கை வைக்காமல் கீழே விழுந்ததையும் ஓலையையும் வேரையும் இவர்கள் எடுக்கலாம், அது சட்டத்திலேயே இவர்களுக்கு உள்ள உரிமைதான் என்று அனுமதி வாங்கிவிட்டார். சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி அந்த வருஷம் வந்தபோது, குடியிருப்பில் பாதிப் பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கார்டு என் கடைக்கு வந்து மூச்சு விட்டார். எல்லோரும் சூளைக்குப் போயிருந்தால் தன் கதி என்ன என்று நினைத்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்றார். அவர்களுக்காகச் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அப்படித் தோன்றவும் இல்லை.

ஊரில் அவரைப் பற்றிக் கேலி ஓயவில்லை. அதைவிடப் பெரிய முணுமுணுப்பு ஒன்று இருந்தது. அவர் அவர்களை அக்கா என்றும் அண்ணா என்றும் கூப்பிட்டார். எங்கள் தெருவில் எண்பது வயது இருளரைக்கூடச் சின்னப் பையன்கள் வா போ என்றுதான் பேசுவார்கள். எனக்கும் அது முதலில் உறுத்தியது. சர்க்கார் ஆள், மரியாதை போய்விடும் என்று ஒரு நாள் சொன்னேன். தனக்கு முன்னால் நடந்துபோய், புதரைத் தட்டி, வழி பார்த்துச் சொல்கிற ஆளை எப்படிக்கா வாடா போடா என்பது என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நானும் ஏகாம்பரத்தை அண்ணா என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். முதல் தடவை அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று தெரியாமல் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கார்டு செய்த வீரச் செயல் என்று ஒன்றுதான் உண்டு. அதை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு நாள் மரம் வெட்டும் கும்பல் ஒன்று பட்டப்பகலிலேயே காட்டுக்குள் வந்துவிட்டது. எஃப்.எம். கேட்டால் ஓடுகிற சில்லறைத் திருடர்கள் இல்லை, அரிவாளும் மெஷின் ரம்பமும் வைத்திருந்தவர்கள். அவர்களைப் பார்த்ததும் கார்டு ஒரு சூரைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். பயத்தில் வாயில் விசிலை வைத்தவருக்கு ஊதுவதை நிறுத்தத் தெரியவில்லை. ஊதிக்கொண்டே இருந்தார். ஈச்ச ஓலை அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நாலா பக்கத்திலிருந்தும் என்ன ஏது என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள். இந்தப் பக்கம் விசில், அந்தப் பக்கம் சத்தம். பெரிய படையே வந்துவிட்டது என்று நினைத்து அந்தக் கும்பல் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடியது. கும்பல் போய் வெகு நேரம் கழித்துக் கன்னியம்மாதான் அவர் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கினாள். அதற்காக அவருக்குப் பாராட்டு விழாவெல்லாம் நடந்தது. மாலையைப் போட்டுக்கொண்டு திருடனைப் போல முழித்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காட்டுக்கு ஒரு முறை அவரை டிரெயினிங்குக்கு அனுப்பினார்கள். போய்விட்டு வந்து நாலு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே பகலிலேயே இருட்டாம், மரத்தைப் பார்த்தால் கழுத்து வலிக்குமாம், தரையெல்லாம் அட்டையாம். ஜீப்பை விட்டுக் கீழேயே இறங்கவில்லை என்றார். அட்டைக்கும் எலாஸ்டிக் தாங்குமா என்று நான் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வகுப்பில் ஒரு பெரிய அதிகாரி, இவ்வளவு பெரிய காடு இத்தனை காலம் எப்படி மிஞ்சியது என்று கேட்டாராம். மழை என்றார் ஒருவர், சட்டம் என்றார் ஒருவர். நம் ஆள் எழுந்து, உள்ளே ஆள் இருப்பதால் என்று சொல்லியிருக்கிறார்.

"அங்கயே பொறந்து வளந்தவங்க உள்ள கீறாங்க சார். அவங்களுக்கு அது வூடு. ஆளிருக்கற வூட்ல எவன் சார் பூருவான்? ஆளில்லாத வூட்லதான் பூருவான்."

வகுப்பே கைதட்டியதாம். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அவர் சொன்னது மட்டும் மெய் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதற்குள் எங்கள் காட்டு மேட்டின் மண் மறைந்துவிட்டிருந்தது. தினமும் பத்துப் பன்னிரண்டு பேர் மூலைக்கு மூலை நடமாடுகிற இடத்தில் எந்த வேன் வந்து நிற்கும்? வெட்டின உசிலையெல்லாம் அடியிலிருந்து துளிர்த்து, ஆள் உயரத்துக்கு வந்தாகிவிட்டது. வீரர்கள் இருந்தபோது காணாமல் போன மயில்கள், இந்தப் பயந்தவர் காலத்தில் எங்கள் மொட்டை மாடியில் வந்து வடகத்தைத் தின்றன. அதற்காக அவரைத் திட்டவும் செய்தேன்.

அந்த வருஷம் பங்குனியில்தான் காட்டில் தீப்பிடித்தது. நான் அன்றைக்கு லைனிங் துணி வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புகை வாடை. கன்னியம்மாவும் மற்றவர்களும் வேப்பந்தழையால் அடித்து அடித்துத் தீயை அணைத்துவிட்டிருந்தார்கள். மேற்கு ஓரம் கொஞ்சம் கருகியதோடு தப்பித்தது. ஏகாம்பரம் அண்ணனுக்கு இரண்டு கையும் கொப்புளம். அணைத்தது அவர்கள். ஆனால் மறுநாள் காலையில் ஊர் பேசியது வேறு. பற்ற வைத்ததே அவர்கள்தான் என்றார்கள். எலிக்குப் புகை போட்டிருப்பார்கள், தேனுக்குப் புகை போட்டிருப்பார்கள், காட்டுக்குள் போக விட்டால் இப்படித்தான் ஆகும் என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். ஒருத்தராவது பார்த்தேன் என்று சொல்லவில்லை. அதனாலென்ன, பேசுவதற்குப் பார்க்க வேண்டுமா?

புதிதாக வந்த ரேஞ்சர் காதுக்கு அது போயிற்று. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் ஊரையும் தெரியாது, ஆட்களையும் தெரியாது. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டார். தீ வைத்தது இவர்கள்தான் என்று தெரிந்தால் காட்டுக்குள் போகிற அனுமதியை ரத்து செய்வேன், குடியிருப்பையே காட்டோரத்திலிருந்து எடுத்து மெயின் ரோட்டுப் பக்கம் மாற்றச் சொல்லி மேலே எழுதுவேன் என்றார். அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரமே மேஸ்திரி வருவான், லாரி வரும், பிள்ளைகளையும் தட்டுமுட்டுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு சூளைக்குப் போகும். காடு மறுபடியும் ஆளில்லாமல் கிடக்கும். கன்னியம்மாவின் சின்னப் பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

கார்டு ரேஞ்சருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். விறைப்பாக யூனிபாரம், தொப்பி, பெல்ட் எல்லாம் போட்டிருந்தார். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. மேலதிகாரியென்றாலே அவருக்குப் பயம், அந்தப் பயம்தான் என்று நினைத்தேன்.

ரேஞ்சர் கேள்வியை நேராகவே கேட்டார். தீ பிடித்த மத்தியான நேரத்தில் நீங்கள் எல்லோரும் எங்கே இருந்தீர்கள்? காட்டில் இல்லை என்றால் வேறு எங்கே என்று சொல்லுங்கள், நான் நம்புகிறேன் என்றார். கன்னியம்மா எழுந்து நின்றாள்.

"ஒரு வேலையா போயிருந்தோம் சார்."

எல்லோருமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். என்ன வேலை, எங்கே என்றார். அவள் தரையைப் பார்த்தாள். ரேஞ்சர் ஏகாம்பரம் அண்ணனைக் கேட்டார். அவர் துணி சுற்றின கையைத் தூக்கி வாயைத் துடைத்துக்கொண்டார். வரிசையாக ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் வாயும் திறக்கவில்லை. டீக்கடைக் கூட்டத்தார் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் கன்னியம்மா, உன் பெண் படிப்பு போகிறதே என்று எழுந்து கத்தலாம் போலிருந்தது. ரேஞ்சர் பெருமூச்சு விட்டு, சரி, அப்படியென்றால் நான் எழுத வேண்டியதுதான் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என் வூட்ல இருந்தாங்க சார்."

யார் பேசியது என்று எல்லோரும் தேடினோம். கார்டுதான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ரேஞ்சர் திரும்பிப் பார்த்து, என்ன என்றார்.

"அன்னிக்கி மத்தியானம் எல்லாரும் என் குவார்ட்டர்ஸ்ல இருந்தாங்க சார். குளிக்கப் போனேன். டிரம்முக்குப் பின்னால... பாம்பு. கறுப்பா. ஆடிச்சி. நான் போன் போட்டு இவங்கள கூப்ட்டேன். எல்லாரும் வாங்கன்னு நான்தான் சொன்னேன். ஒரு ஆள் ரெண்டு ஆள் போதாதுன்னு தோணிச்சி சார். அவங்க சாமான் செட்டெல்லாம் எட்த்து வெளிய போட்டுத் தேடிக்கினு இருந்தாங்க. நான் மாடியில ஏறி உக்காந்துக்கினேன். அங்கேருந்துதான் பொகைய பாத்தேன். வெளிய சொல்லிடாதீங்கன்னு நான்தான் அவங்ககிட்ட கேட்டுக்கினேன். அதான் அவங்க சொல்லல."

பாம்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்கு ஒரு தடவைதான். டியூட்டி நேரத்தில் காடு எரிய, காட்டைக் காக்கிற கார்டு மொட்டை மாடியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அவரே அதிகாரியிடம் சொல்லிவிட்டார். வேலை போகலாம். போகாவிட்டாலும் இந்தச் சிரிப்பு அவரை ரிட்டயர் ஆகும் வரை விடாது. அதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? இவ்வளவு பயந்தவர் இதைச் சொல்ல எங்கிருந்து தைரியத்தைக் கொண்டுவந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குக் கண்ணில் வந்தது சிரிப்பால் வந்த தண்ணீர் இல்லை. ரேஞ்சர் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்த பிறகு, பாம்பு கடைசியில் கிடைத்ததா என்று கன்னியம்மாவைக் கேட்டார்.

"இல்ல சார். தப்பிச்சிக்கினு போயிடுச்சி. பெருசு சார், நல்லா பெருசு," என்றாள் அவள். ஏகாம்பரம் அண்ணன் கொப்புளக் கையை விரித்து அதன் நீளத்தைக் காட்டினார்.

ரேஞ்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு மறுபடி உட்கார்ந்தார். இருந்த இடம் தெரிந்துவிட்டது, இனி இவர்கள் மேல் பேச்சில்லை என்றார். குடியிருப்பு இருக்கிற இடத்திலேயே இருக்கும், அனுமதி அப்படியே தொடரும் என்றார். கார்டு பக்கம் திரும்பி, உன் விஷயத்தைத் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்று முறைத்தார். பேசினாரா என்று தெரியாது. பிறகு டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்து, தீயை அணைக்க உங்களில் எத்தனை பேர் போனீர்கள் என்று கேட்டார். அவர்களும் தரையைப் பார்த்தார்கள். அடுத்த கோடையிலிருந்து தீக்காவல் வேலை இருளர்களுக்கே என்று அங்கேயே முடிவாயிற்று. கன்னியம்மாவின் பெண் எழுந்து போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டிருக்கிறேன்.

கலைந்து வெளியே வரும்போது கன்னியம்மா என்னோடு நடந்தாள். பெரிய ஆபத்து நீங்கின சந்தோஷத்தில் நான் சும்மா பேச்சுக்கு, அவ்வளவு பெரிய பாம்பு எங்கே போயிருக்கும், பக்கத்துத் தெருவில் நான் இருக்கிறேனே என்று கேட்டேன். அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் கார்டு ஏகாம்பரம் அண்ணனின் கையைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாம்பும் இல்ல கீம்பும் இல்லக்கா. அவரு பெல்ட்டு. ஆணியிலேர்ந்து நழுவி டிரம்முக்குப் பின்னால தண்ணியில ஆடிக்கினு இருந்துச்சி. நான் போனவொடனே பாத்துட்டேன். எட்த்து தொடைச்சி ஆணியிலயே மாட்டிட்டேன். இன்னிக்கி இடுப்புல கட்டிக்கினு வந்தாரே, அதேதான்."

எனக்கு நடை நின்றுவிட்டது. பிறகு ஏன் மத்தியானம் முழுக்கத் தேடினீர்கள், வந்த உடனே பெல்ட் என்று சொல்லியிருந்தால் அவர் பயம் அங்கேயே தெளிந்திருக்குமே என்றேன்.

கன்னியம்மா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

"தெளிஞ்சிட்டா தனியா போவாருக்கா. பயப்படாத கார்டுங்கள நாங்க நெறைய பாத்துட்டோம். எங்கள உள்ள கூப்ட்டது இவரு ஒருத்தருதான்."

அவர் மாற்றலாகிப் போகிற வரைக்கும் நானும் அவரிடம் சொல்லவில்லை.